பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுது... இழுத்த காற்று எங்கே போகுது?

ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டால் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சேலையூர் பக்கத்து அபார்ட்மென்ட்களில் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். பாத்ரூம் சீலிங்கில் கறுப்புப் புள்ளி, உப்பிப்போய் மூட மறுக்கும் கதவு, காயாத மிதியடி. "அதான் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கோமே?" என்பார்கள். ஃபேன் சுற்றுவது சரி. அது இழுக்கும் காற்று வெளியே போகிறதா என்பதுதான் விஷயம்.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்கு இறங்கினால் சுமார் 17 கிராம்தான். மீதி தண்ணீராகி சுவரிலும் கண்ணாடியிலும் படியும். எனவே ஈரக்காற்றை வேறு இடத்துக்குத் தள்ளினால் பூஞ்சையும் அங்கே இடம் மாறும், அவ்வளவே.

இதில் மோசமானது ஃபால்ஸ் சீலிங்குக்குள் விடுவது. மேல்வீட்டுக் குழாய்களை மறைக்கப் போட்ட பலகைக்கு மேலே ஈரம் தேங்கும். கண்ணுக்கும் தெரியாது. நாளடைவில் தளத்தின் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழும்போதுதான் தெரியவரும்.

அடுத்தது டக்ட். பல மாடிகளின் பாத்ரூம்களுக்கும் பொதுவாக, வானம் பார்த்தபடி விடப்படும் இடைவெளி இது. மேலே திறந்திருந்தால் பிரச்சினை இல்லை. மழைத்தண்ணீர் இறங்குகிறது, புறா வருகிறது என்று மொட்டை மாடியில் ஃபைபர் ஷீட் போட்டு மூடிவிட்டால், முதல் மாடி பீடி நாற்றம் மூன்றாம் மாடி பாத்ரூமுக்கு வரும். ஷீட் வேண்டுமென்றால் சுற்றிலும் காற்று போக இடம் விட்டு உயர்த்திப் போட வேண்டும். இதை அசோசியேஷன் கூட்டத்தில் பேசித்தான் தீர்க்க முடியும்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, பாத்ரூமில் வெளிக்காற்றுக்குத் திறக்கும் ஜன்னலோ வென்டிலேட்டரோ குறைந்தது 0.37 சதுர மீட்டர், அதாவது 4 சதுர அடி இருக்க வேண்டும் என்கிறது. கொசுவுக்குப் பயந்து அதை அட்டை வைத்து அடைத்திருக்கும் வீடுகள் தென்சென்னை புறநகரில் ஏராளம். அட்டைக்குப் பதில் வலை அடியுங்கள். வலையில் தூசு சேரும், மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

எந்த அளவு ஃபேன்? 8-க்கு 5 அடி, 9 அடி உயர பாத்ரூமில் சுமார் 10 கன மீட்டர் காற்று இருக்கும். மணிக்குப் பத்து முறை மாற்ற 100 கன மீட்டர் போதும். பெட்டியில் 'சி.எம்.எச்' என்று போட்டிருப்பது இந்தக் கணக்குதான். சாதாரண 6 இன்ச் ஃபேனே தாராளம், சுவரில் நேராக ஓட்டை போட்டு வைத்தால். நீளமான குழாய், இரண்டு மூன்று பெண்டு என்று போனால் அதற்குத் தள்ளும் சக்தி பத்தாது; இன்லைன் ஃபேன் வேண்டும். குழாய் வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கட்டும், இல்லையென்றால் மழைநீர் உள்ளே வரும். முனையில் ஷட்டர் அவசியம். அது பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்காமல் இருப்பது உங்கள் நிம்மதிக்கு நல்லது!

வெளியே போகிற அளவுக்கு உள்ளே காற்று வரவும் வேண்டும். கதவுக்கு அடியில் அரை இன்ச் இடைவெளி விடுங்கள். குளித்து முடித்தபின் 15-20 நிமிடம் ஓடட்டும். 30 வாட் ஃபேன் தினம் ஒரு மணி நேரம் ஓடினாலும் மாதம் ஒரு யூனிட்கூட வராது.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் பாதுகாப்பு ஆகாது. கேஸ் சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைசுற்றல் தெரியும் முன்பே ஆள் மயங்கிவிடலாம். கதவு இறுக்கமாக மூடியிருந்தால், ஃபேன் இழுக்கும் வேகத்தில் கீசரின் புகைபோக்கி வழியாகவே புகை உள்ளே திரும்பவும் வாய்ப்புண்டு. அந்தக் கீசரை காற்றோட்டமான வெளியிடத்துக்கு மாற்றுவதுதான் வழி.

உங்கள் வீட்டில் சோதிக்க ஒரு ஊதுபத்தி போதும். ஃபேனைப் போட்டு கதவடியில் காட்டுங்கள், புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். பிறகு வெளியே வந்து ஷட்டர் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.