டச்சு வினாத்தாள் துருக்கிக்குப் போனபோது

உடல் பருமனோடு வருகிறவரிடம் "என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்?" என்றுதான் மருத்துவர்கள் நெடுங்காலம் கேட்டார்கள். "எதனால் சாப்பிடுகிறீர்கள்?" என்று முறையாகக் கேட்கத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். உணவு ஆலோசனை என் தொழில். இந்தக் கேள்வி பிறந்ததை என் துறையின் மிகப் பெரிய திருப்பமாக நினைக்கிறேன்.

ஜெர்மனியில் பிறந்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டை விட்டு வெளியேறிய மருத்துவர் ஹில்டே புரூக், மனக்கலக்கத்தையும் பசி என்றே எண்ணிச் சிலர் சாப்பிடுகிறார்கள் என்றார். உளவியலாளர் ஸ்டான்லி ஷாக்டர் 1968இல் வேகமாக ஓடும் கடிகாரத்தை மாட்டி, சோதனைக்கு வந்தவர்களைச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதாக நம்பவைத்தார். வயிற்றைவிடக் கடிகாரத்தை நம்பிய பருமனானவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடைக்குப் பயந்து வாயைக் கட்டுகிறவர்களே கட்டு தளர்ந்ததும் மிகுதியாக உண்கிறார்கள் என்பது 1970களில் உளவியலாளர்கள் ஹெர்மனும் போலிவியும் சொன்னது. இந்த மூன்றையும் ஒரே தாளில் சேர்த்தவர் நெதர்லாந்தின் உளவியலாளர் தத்யானா வான் ஸ்ட்ரீன். 1986இல் வந்த அவருடைய வினாத்தாளில் 33 கேள்விகள்: கட்டுப்பாடு பற்றி 10, மன உணர்ச்சி பற்றி 13, கண்ணும் மூக்கும் தூண்டுவதைப் பற்றி 10.

துருக்கிக்கு அது தேவைப்பட்டது. 1990களின் இறுதியில் அந்நாட்டுப் பெரியவர்களில் சுமார் 22 சதவீதத்தினர் பருமனாக இருந்தார்கள். 2010இல் அது 30ஐத் தாண்டிவிட்டது. பெண்களிடம் இன்னும் அதிகம்.

ஆனால் துருக்கியின் சாப்பாட்டு முறை வேறு. எடையை நினைத்து, பிறர் தரும் உணவை மறுப்பதுண்டா என்று தாளின் ஒரு கேள்வி கேட்கிறது. அங்கே விருந்தாளி வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் மறுபடியும் தட்டை நீட்டுவார். அழுத்தி மறுத்தால் மனம் புண்படும். பெண்கள் முறைவைத்து வீடு வீடாகக் கூடும் 'அல்தின் குனு' என்ற தங்கநாள் வழக்கம் இருக்கிறது. கூடுகிற வீட்டுக்காரிக்கு மற்றவர்கள் ஆளுக்கொரு தங்கக் காசோ அதற்கான பணமோ தருவார்கள். அவள் பொரெக், கிசிர், கேக் எல்லாம் செய்து தேநீரோடு பரிமாறுவாள். அங்கே எல்லாவற்றையும் சாப்பிட்டவளின் விடையில் கட்டுப்பாடின்மை எவ்வளவு, மரியாதை எவ்வளவு? பேக்கரியைக் கடக்கும்போது வாங்கத் தோன்றுமா என்பது இன்னொரு கேள்வி. ரமலான் மாலையில் நோன்பு திறக்குமுன் சூடான பிடே ரொட்டிக்காகத் தெருவே பேக்கரி வாசலில் வரிசையில் நிற்கும். விடியல் முதல் அந்திவரை வாயைக் கட்டியவர் அதை எடைக்காகச் செய்யவில்லை. ஆனால் தாளில் அந்த வேறுபாட்டைக் குறிக்க இடமில்லை.

மொழியாக்கத்துக்குத் தெளிவான நடைமுறை உண்டு: இருவர் தனித்தனியே பெயர்ப்பார்கள், வேறொருவர் மூலமொழிக்குத் திருப்புவார், சில வாரம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடியும் கேட்டு விடைகள் நிலையாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். 2009இல் இந்த வினாத்தாளின் துருக்கி வடிவம் சோதிக்கப்பட்டது பல்கலைக்கழக மாணவர்களிடம். தொடக்கத்துக்கு அது சரியான வேலைதான். ஆனால் எடையைக் குறைக்கப் பல ஆண்டுகளாகப் போராடும் 50 வயதுப் பெண்ணின் விடையை, 20 வயது மாணவியை வைத்துச் சரிபார்த்த அளவுகோலால் அளப்பது அநியாயம். பருமனோடு வாழ்கிறவர்களிடமே அந்தத் தாளைக் கொடுத்துச் சோதிப்பது கூடுதல் வேலை இல்லை, அடிப்படை வேலை.

இத்தகைய வினாத்தாளை எந்த மொழிக்குக் கொண்டுவந்தாலும், அச்சுக்குக் கொடுக்குமுன் அந்த ஊர்ப் பந்தியில் ஒருமுறை உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள்.