உச்ச வேகமும் நெடும் பயணமும்

போர் விமானம் விரைவானதா, பிரயாணிகள் விமானம் விரைவானதா என்று எவரேனும் வினவினால், விடை கூற நாம் ஒரு கணமும் தயங்குவதில்லை. குடியரசு நாள் அணிவகுப்பில் தலைக்கு மேல் இடியென முழங்கி மறையும் சண்டை விமானத்தைக் கண்டவர் எவரும் அதனையே சுட்டிக் காட்டுவர். ஆயின், வினாவைச் சற்றே மாற்றிக் கேட்டுப் பார்ப்போம். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஓர் ஊரை நோக்கி இரண்டும் ஒரே வேளையில் புறப்பட்டால், எது முன்னே போய்ச் சேரும்? இதற்கு வரலாறு தரும் விடை நாம் எதிர்பார்ப்பதன்று.

நம் நாட்டு அனுபவம் ஒன்றிலிருந்தே தொடங்குவோம். 2020ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள், பிரான்ஸ் நாட்டின் போர்தோ நகருக்கு அருகிலிருந்து ஐந்து ரஃபேல் விமானங்கள் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டன. அவற்றைச் செலுத்தியோர் நம் விமானப்படை வீரர்கள். ஒலியின் வேகத்தைப் போல் 1.8 மடங்கு விரைய வல்லது ரஃபேல். அரபு நாட்டின் அல் தாஃப்ரா தளம் வரையிலான முதற்கட்டம் 5,800 கிலோமீட்டர். அதனைக் கடக்க அவை எடுத்துக்கொண்ட நேரம் ஏழரை மணி. கணக்கிட்டுப் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 770 கிலோமீட்டரே ஆகிறது. இன்றைய பெரிய பிரயாணிகள் விமானமோ மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வரை சீராகச் செல்வது. அதே தூரத்தை அது ஏறத்தாழ ஏழு மணி நேரத்திலேயே முடித்திருக்கும்.

இது விமானிகளின் குறையன்று, விமானத்தின் குறையுமன்று. காரணம் காற்றிலும் எரிபொருளிலும் உள்ளது. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர். அவ்வேகத்தை நெருங்க நெருங்க, காற்று விமானத்தின் முன் நெருக்குண்டு அதிர்வலைகளாகத் திரண்டு, எதிர்ப்பைத் திடீரென மிகுவிக்கின்றது. அந்த மதிலை உடைத்து அப்பால் செல்லப் பெரும்பாலான சண்டை விமானங்கள் பின்னெரிப்பு என்னும் முறையைக் கையாளுகின்றன. இயந்திரத்தை விட்டு வெளியேறும் கனல்வாயுவில் மேலும் எரிபொருளைப் பொழிந்து எரிப்பதே அது. அதனால் உந்துவிசை பெருகும். எரிபொருட் செலவோ பன்மடங்கு பெருகும். தொட்டிகள் நிமிடக் கணக்கில் வற்றிவிடும். ஆகவே உச்ச வேகம் என்பது எதிரியைத் துரத்தவோ, ஆபத்திலிருந்து தப்பவோ பயன்படும் குறுகிய பாய்ச்சலேயன்றிப் பயண வேகம் அன்று. தூரம் செல்ல வேண்டுமாயின் சண்டை விமானமும் ஒலி வேகத்திற்குக் கீழ் இறங்கி வந்தே தீரவேண்டும். வெளியே கூடுதல் தொட்டிகளைத் தொங்கவிட்டால், அவையும் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும்.

இவ்வுண்மை ஜெட் யுகத்தின் தொடக்கத்திலேயே வெளிப்பட்டது. 1948 ஜூலையில் பிரிட்டிஷ் விமானப்படையின் ஆறு வாம்பயர் விமானங்கள் அட்லாண்டிக் கடலைக் கடந்தன. ஜெட் விமானங்கள் அக்கடலைக் கடந்தது அதுவே முதல் முறை. மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேல் பறக்க வல்ல அவை, ஸ்காட்லாந்துத் தீவொன்றிலிருந்து கிளம்பி, ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, 12ஆம் நாள் தொடங்கிய பயணத்தை 14ஆம் நாள் இன்றைய கனடாவில் முடித்தன. வழியும் வானிலையும் காட்ட அவற்றின் முன்னே சென்றவை சுழல்விசிறி பூட்டிய பழைய மாஸ்கிடோ விமானங்கள்!

நான்கு ஆண்டுகள் கழித்து, 1952 மே 2ஆம் நாள், காமெட் என்னும் ஜெட் விமானம் லண்டனிலிருந்து பிரயாணிகளுடன் ஜோகன்னஸ்பர்க் சென்றது. வழியில் பல இடங்களில் இறங்கியும், ஒரு நாள் முடிவதற்குள் ஆப்பிரிக்காவின் தென்கோடிப் பகுதியை அது அடைந்தது. உலோகச் சோர்வினால் நேர்ந்த கொடிய விபத்துகள் 1954இல் அதன் பணியை நிறுத்தின. எனினும் அது காட்டிய வழி அடைபடவில்லை.

1957 ஜனவரியில் அமெரிக்காவின் மூன்று பி-52 குண்டுவீச்சு விமானங்கள் எங்கும் தரையிறங்காமல் உலகைச் சுற்றி வந்தன. ஏறக்குறைய 39,000 கிலோமீட்டரை 45 மணி 19 நிமிடத்தில் கடந்தன. மணிக்குச் சுமார் 860 கிலோமீட்டர். ஆனால், வானில் அவற்றிற்கு எரிபொருள் ஊட்டியவை சுழல்விசிறி விமானங்கள். அவற்றோடு ஒத்துச் செல்ல ஜெட் விமானங்கள் உயரத்திலிருந்து இறங்கி, வேகத்தையும் தணிக்க வேண்டியிருந்தது. இக்குறையை நீக்கவந்த கேசி-135 என்னும் ஜெட் விமானத்தின் பிறப்பு குறிப்பிடத்தக்கது. 1954இல் போயிங் நிறுவனம் பறக்கவிட்ட ஒரே முன்மாதிரியிலிருந்து இரு வழித்தோன்றல்கள் உருவாயின. ஒன்று, படைக்கு எரிபொருள் ஊட்டும் இவ்விமானம். மற்றொன்று, பிரயாணிகளுக்கான போயிங் 707. பின்னதைக் கொண்டே ஏர் இந்தியா 1960இல் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஜெட் பயணத்தைத் தொடங்கிற்று. மூன்று ஆண்டுகளில் நம் படையில் சேர்ந்த மிக்-21, ஒலியைப் போல் இரு மடங்கு விரையும் ஆற்றல் உடையது. எனினும் தன் உள்தொட்டிகளில் கொண்ட எரிபொருளால் பம்பாய்க்கும் லண்டனுக்கும் இடைப்பட்ட தூரத்தில் கால் பங்கைக் கடப்பதும் அதற்கு அரிது.

நெடுந்தூரத்தையும் ஒலிமீறிய வேகத்தையும் ஒருசேரப் பெற முயன்றோரும் உண்டு. 1974 செப்டம்பர் 1ஆம் நாள் அமெரிக்காவின் எஸ்.ஆர்.-71 உளவு விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனை 1 மணி 54 நிமிடம் 56 விநாடியில் எட்டியது. அதில் இருந்தவர் இருவரே. அதுவும் இடையில் வேகத்தைத் தணித்து, 707இன் உடன்பிறப்பான கேசி-135இடம் எரிபொருள் பெற்றே சென்றது. 1976 ஜனவரியில் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கிய கான்கார்டோ, மேலெழும்போதும் ஒலி வேகத்தைத் தாண்டும்போதும் மட்டுமே பின்னெரிப்பை நாடும். அதன்பின் அது இல்லாமலே ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில் சென்றது. 1996 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனை வானில் எரிபொருள் பெறாமலே 2 மணி 53 நிமிடத்தில் அடைந்தது. எந்தச் சண்டை விமானமும் தன் எரிபொருளை மட்டும் கொண்டு செய்ய இயலாத செயல் இது.

ஆயினும் நூறு பேரைக் கொண்டுசெல்ல ஏறத்தாழ 95 டன் எரிபொருள் ஏற்றிய விமானம் அது. கட்டணமோ செல்வர்க்கே எட்டுவது. அதன் இடிமுழக்கத்தை நிலப்பகுதிகள் ஏற்க மறுத்தன. 2000ஆம் ஆண்டு பாரிஸ் அருகே நேர்ந்த விபத்திற்குப் பின், 2003 அக்டோபர் 24ஆம் நாள் அதன் பிரயாணிகள் சேவை முடிவுற்றது. அதனினும் பாதி வேகமே கொண்ட ஜெட் விமானங்கள், பெரிய விசிறிகளால் மிகுந்த காற்றை மெல்லத் தள்ளி எரிபொருளைச் சிக்கனமாக்கி, எளியோரையும் வானில் ஏற்றின. கடல் கடந்து வேலைக்குச் சென்ற மகன், தாயின் நோய்ச் செய்தி கேட்ட மறுநாளே ஊர் வந்து சேர்வது இவ்விமானங்களால் அன்றோ?

மீண்டும் அந்த ஐந்து ரஃபேல் விமானங்களை நினைத்துப் பார்ப்போம். முதற்கட்டத்தில் அவற்றிற்கு வானில் எரிபொருள் ஊட்டிய பிரெஞ்சு விமானம், ஏர்பஸ் 330 என்னும் பிரயாணிகள் விமானத்திலிருந்து உருவானதே. போரில் ஒரு நொடிப் பாய்ச்சலும் உயிர் காக்கும். அதன் மதிப்பை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் அப்பாய்ச்சலைப் போர்முனை வரை கொண்டு சேர்ப்பதற்கே, மக்களைச் சுமக்கும் விமானத்தின் சீரான நடை துணை வேண்டியிருக்கின்றது. ஒரு விமானத்தின் வேகத்தைப் பற்றிப் படிக்கும்போது, எவ்வளவு விரைவு என்பதோடு, எவ்வளவு தூரத்திற்கு, எத்தனை பேருடன் என்றும் நாம் சேர்த்தே கேட்போமாக.