வெள்ளெழுத்தும் வெள்ளியும்

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அருகிலுள்ள எழுத்து வெளிறித் தெரிவதை நம் முன்னோர் 'வெள்ளெழுத்து' என்றனர். மருத்துவ நூல்கள் பிற்பாடு தந்த பெயர்களில் எதுவும் இதற்கு ஈடாக நமக்குத் தோன்றவில்லை. ஊர்வழக்கில் 'சாளேசுரம்' என்பாரும் உண்டு. மராத்தியில் இந்தக் குறைக்கும் இதற்கு அணியும் கண்ணாடிக்கும் 'சாளிசி' என்றே பெயர். நாற்பது என்னும் எண்ணிலிருந்து பிறந்த சொல் அது. 1676 தொடங்கி ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் தஞ்சையில் மராத்தியர் அரசு இருந்ததை எண்ணினால், சாளேசுரம் எந்த வழியாக வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இந்த நாற்பது வயதுக் கண்ணுக்குரிய கண்ணாடி வில்லை யாருக்கு எட்டியது, யாருக்கு எட்டாமல் போயிற்று என்பதே இங்கு நாம் பேச வந்தது. கூடவே, அதே வில்லையைக் கொண்டு குறைந்த செலவில் வீட்டிலேயே தொலைநோக்கி செய்யும் ஒரு பொழுதுபோக்கையும் பேச வேண்டியிருக்கிறது. இரண்டும் வெவ்வேறு சங்கதிகளாகத் தோன்றலாம். ஆனால் வரலாற்றில் இரண்டும் ஒரே கடையிலிருந்து புறப்பட்டவை.

இந்தியாவில் மூக்குக் கண்ணாடியின் வரலாற்றைத் தேடியவர்களுள் முதன்மையானவர் பி.கே. கோடே. 1500-க்கும் 1800-க்கும் இடைப்பட்ட காலத்தை அவர் ஆராய்ந்தார். விஜயநகரத்தில் பெருமதிப்புடன் வாழ்ந்த மத்வத் துறவி வியாசதீர்த்தர், சுமார் 1520-இல், கண்ணாடி வில்லையின் உதவியோடு ஏடு வாசித்ததாக அவரது வாழ்க்கையைப் பாடிய சோமநாத கவி எழுதியிருப்பதை கோடே எடுத்துக்காட்டினார். போர்ச்சுக்கீசியர் வழியாக அது வந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. கண்ணாடி இந்தியாவிலேயே பிறந்தது என வாதிட்டவர்களும் பின்னாளில் இருந்தனர்; அவ்வாதம் நமக்கு வலுவுள்ளதாகப் படவில்லை. எங்கே பிறந்ததாயினும், அது முதலில் ஏறியது ஒரு ராஜகுருவின் மூக்கில் என்பதையே கவனிக்க வேண்டும்.

காவிரிக் கரையில் உள்ளூர்ச் சரக்கும் இருந்தது. தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் கிடைத்த பளிங்குக் கற்களைப் பட்டை தீட்டி மூக்குக் கண்ணாடி செய்தனர். பிரிட்டிஷ் காலத்துக் கெசட்டியர்கள் இத்தொழிலைக் குறிப்பிடுகின்றன. கண்ணாடியைவிடப் பளிங்கு கடினமானது. எளிதில் கீறல் விழாது. கண்ணுக்குக் குளிர்ச்சி என்றும் மக்கள் நம்பினர், அந்நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. பளிங்குக்குள் ஒளி இரண்டாகப் பிரியும் இயல்பு உண்டாதலால், கல்லை உரிய திசையில் அறுக்கத் தெரிந்த கை வேண்டும். ஒவ்வொரு வில்லையும் தனித்தனியே கையால் தேய்க்கப்பட்டது. விலை ஏன் இறங்கவில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

எட்டாதவர்கள் என்ன செய்தனர்? சிதம்பரத்தை எடுத்துக்கொள்வோம். தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைச் செல் அரித்த கதையை அறியாத தமிழரில்லை. செல்லைப் பற்றி இவ்வளவு பேசிய நாம் கண்ணைப் பற்றிப் பேசியதே இல்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்துக்கு நிறம் கிடையாது. மை தடவித் துடைத்தால்தான் கோடுகள் தெரியும். புள்ளி இராது; வரிகள் நெருங்கி இருக்கும். கீறுவதற்காவது கைப்பழக்கம் துணைநிற்கும். வாசிப்பதற்கு அது உதவாது. ஏடு பெயர்த்து எழுதிப் பிழைத்த ஒருவர் நாற்பத்தைந்து வயதில், அதாவது பாடங்களை ஒப்புநோக்கும் அறிவு முதிர்ந்த பருவத்தில், வாசிக்கும் வேலையை இளையவரிடம் விட்டுவிட்டு நினைவை நம்பியிருக்க வேண்டியதுதான். மனப்பாடக் கல்வியின் மேன்மையைப் பேசுகிறவர்கள் இந்தக் காரணத்தையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

லாரன்ஸ் அண்ட் மேயோ போன்ற கண்ணாடி நிறுவனங்கள் இந்தியாவில் கால்கொண்டது 1877-இல்தான். உ.வே.சா. சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரித் தலைவராக 1924-இல் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 69. அந்த வயதில் ஒருவர் சுவடியோடு வாழ்வது வியப்பாகத் தெரியாத காலம் அதற்குள் வந்திருந்தது, வசதியுள்ளவர்களுக்கு.

இனிக் கடலூருக்கு வருவோம். 1608-09 ஆண்டுகளில் டச்சுக்காரர்கள் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்றுத் தேவனாம்பட்டினத்தில் கால்பதித்தனர். அவர்களது கம்பெனியின் ஆறு கிளைச் சபைகளுள் ஒன்று, சீலாந்து மாகாணத்து மிடில்பர்க் நகரில் இருந்தது. அதே மிடில்பர்க்கில் மூக்குக் கண்ணாடி செய்து விற்றுவந்த ஹான்ஸ் லிப்பர்ஹே என்பவர், 1608 அக்டோபரில், இரு வில்லைகளை ஒரு குழாயில் பொருத்தித் தொலைவிலுள்ளதை அருகில் காட்டும் கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இச்செய்தி முதன்முதலில் அச்சேறியது, அப்போது ஹாலந்துக்கு வந்திருந்த சயாம் நாட்டுத் தூதுக்குழுவைப் பற்றிய ஒரு சிறு வெளியீட்டில் என்பது சுவையான செய்தி.

காப்புரிமை கிடைக்கவில்லை. வேறு சிலரும் அதையே செய்ததாக முன்வந்தனர். இரகசியமாகக் காக்க முடியாத அளவுக்கு அது எளிதாக இருந்தது. 1609 வசந்தத்தில் பாரீஸ் நகர மூக்குக் கண்ணாடிக் கடைகளிலேயே தொலைநோக்கிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. கண்ணாடிக் கடை உள்ள ஊரில் எவரும் செய்துகொள்ளலாம் என்றாயிற்று. கலிலியோவும் அப்படிச் செய்துகொண்டவரே. 1609 நவம்பரில் தமக்கு வந்த ஒரு கடிதத்தின் தாளிலேயே அவர் எழுதிவைத்த கடைச்சாமான் பட்டியல் இன்றும் இருக்கிறது. மகனுக்குச் செருப்பும் தொப்பியும், கொண்டைக்கடலை, அரிசி, மிளகு. அவற்றுக்கு நடுவே மெருகிட்ட ஜெர்மன் கண்ணாடி, பளிங்குத் துண்டு, தகரக் குழாய், இரண்டு பீரங்கிக் குண்டுகள். குண்டுகள் போருக்கல்ல, வில்லையைக் குழிவாகத் தேய்த்தெடுக்க. மளிகையும் வானியலும் ஒரே தாளில் இருக்கும் இப்பட்டியலைவிட அருமையான ஆவணம் வீட்டுப் பொழுதுபோக்குக்கு வேறில்லை என்போம்.

(பீரங்கிக் குண்டு என்றதும் கடலூர்க்காரர்களுக்குக் குண்டுசாலை நினைவுக்கு வரும். 1690-இல் தேவனாம்பட்டினக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கிய ஆங்கிலேயர், கோட்டையிலிருந்து சுட்ட குண்டு விழுந்த தொலைவு வரையுள்ள ஊர்களைத் தமதாக்கிக்கொண்டனர். குண்டால் இப்படியும் தூரம் அளந்திருக்கிறார்கள்.)

எனினும், டச்சுக் கப்பலிலோ ஆங்கிலக் கப்பலிலோ வந்த வில்லை இந்தக் கடற்கரையில் கடைச்சரக்காக மாறவில்லை. அரசருக்கும் அதிகாரிக்கும் கொடுக்கும் வெகுமதிப் பொருளாகவே நெடுங்காலம் இருந்தது. தேய்க்கும் தொழில் வரவில்லை. தேய்த்த பொருள் மட்டும் வந்தது. பாரீஸ் கடைக்குச் சில மாதங்களில் சென்ற ஒன்று தேவனாம்பட்டினத்துக் கடைத்தெருவுக்கு வராததன் காரணம் இதுவே எனக் கருதுகிறோம்.

கருவி இல்லாமலும் வானியல் நடந்தது. கடலூருக்கு வடக்கே இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரிக்கு 1768-இல் லெ ஜாந்தீய் என்ற பிரெஞ்சு வானியலர் வந்து சேர்ந்தார். சூரியனின் முன்னே வெள்ளி கடந்து செல்வதைப் பார்ப்பது அவர் நோக்கம். 1761-இல் அதே நிகழ்ச்சியை அவர் நடுக்கடலில் ஆடும் கப்பலிலிருந்து பார்க்க நேர்ந்து, அளவுகள் பயனற்றுப் போயின. அப்போது புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகியிருந்தது. அடுத்த வாய்ப்புக்காக எட்டாண்டு காத்திருந்தார். இம்முறை பகைநாட்டவரான சென்னை ஆங்கிலேயரே அவருக்கு நல்ல தொலைநோக்கி ஒன்றை இரவல் தந்தனர். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடிக்கொண்டது. வெள்ளி கடந்து முடிந்தபின் வெயில் வந்தது.

புதுச்சேரியில் தங்கியிருந்த நாட்களில் அவர் தமிழர்களின் கிரகணக் கணிதத்தைக் கற்றார். சோழிகளைத் தரையில் பரப்பி, வாய்பாடுகளை வாக்கியங்களாக மனத்தில் வைத்துக்கொண்டு கணிப்பார்கள். 1765 ஆகஸ்டு 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவை ஒரு தமிழர் அவருக்குக் கணித்துக் காட்டினார். அது 41 விநாடி குறைந்திருந்தது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயருடையது 68 விநாடி மிகுந்திருந்தது. ஒற்றைக் கிரகணத்தை வைத்து மார்தட்டுவதற்கில்லை. ஆனால் செலவில்லாத கருவி என்று பார்த்தால் சோழிக்கு இணையில்லை. சோழியை வெள்ளெழுத்து வந்த கண்ணாலும் எண்ணலாம் என்பது இன்னொரு வசதி.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் நிலைமை உண்மையில் மாறியது. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை அமைத்தது. புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் பொருத்தும் வில்லை வெளிநாட்டிலிருந்து நூறு டாலருக்கு மேல் விலையில் வந்துகொண்டிருந்தது. அதை இங்கேயே செய்து பத்து டாலர் அளவுக்கு இறக்கினர். தேவனாம்பட்டினத்துக்கு வராத தேய்க்கும் தொழில், முந்நூற்றெண்பது ஆண்டு கழித்து மதுரைக்கு வந்ததென்று சொல்லலாம். அம்மருத்துவமனையின் முகாம்களில் கண்ணைச் சோதித்து அங்கேயே கண்ணாடி தரும் வழக்கமும் பரவியது. 2003-இல் புதுச்சேரி–கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் அதன் கிளை திறக்கப்பட்டதால் இவ்வட்டாரத்தார்க்குத் தொலைவும் குறைந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி வழங்கும் கண்ணொளி காப்போம் திட்டத்தைத் தமிழக அரசு 2009-இல் கொண்டுவந்தது.

பிள்ளைகளுக்குக் கிடைத்தது நன்று. நாற்பது வயது உழைப்பாளியைப் பற்றிய அக்கறை அதைவிட மெதுவாகவே வந்தது. கண்ணாடி படிப்பவர்க்கே உரியது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் உண்டு. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பதும் அதற்கு மேலும் வயதான 751 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. அருகுப் பார்வைக் கண்ணாடி அணிந்தவர்கள், அணியாதவர்களைவிட 21.7 விழுக்காடு அதிகம் பறித்தனர். இலை பறிப்பதற்கே இப்படியென்றால், கடலூர் முதுநகரில் வலை பின்னுகிறவருக்கும், குறிஞ்சிப்பாடியில் அறுந்த இழையைத் தேடி முடிகிறவருக்கும் எவ்வளவு இழப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

இன்று வாங்குவோர்க்குச் சில வார்த்தை. சோதனைச் சீட்டில் உள்ள எண்கள் உங்களுடையவை. கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எந்தக் கடையிலும் செல்லும். சட்டகம் நன்றாயிருந்தால் வில்லையை மட்டும் மாற்றலாம். இரு கண்ணுக்கும் ஒரே அளவாயிருந்து, சாய்வுக் குறை இல்லாவிட்டால், வெள்ளெழுத்துக்கு ஆயத்தமாக விற்கும் மலிவுக் கண்ணாடியே போதும். 2025 செப்டம்பர் முதல் பார்வைத் திருத்தக் கண்ணாடிக்கு வரியும் 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. ஆனால் கண் சோதனையை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கண்ணழுத்த நோய் வலியின்றி வரும். தெருவோரக் கண்ணாடி அதைக் காட்டித் தராது.

அதே கடையில் இன்னொன்றும் கேளுங்கள்: வெட்டாத வட்டமான 'பிளஸ் ஒன்று' லென்ஸ், சாய்வு அளவு இல்லாதது. அதன் குவியத் தொலைவு ஒரு மீட்டர். துணி சுற்றிவரும் அட்டைக் குழாயின் முனையில் புடைத்த பக்கம் வெளியே தெரியப் பொருத்தி, நடுவில் மூன்று சென்டிமீட்டர் துளையிட்ட கறுப்பு அட்டையால் மூடுங்கள். நிறச் சிதறல் குறையும். மறுமுனைக்குக் கடிகாரம் பழுதுபார்ப்போர் கண்ணில் இடுக்கும் ஐந்து சென்டிமீட்டர் வில்லை போதும். இருபது மடங்கு பெரிதாகக் காட்டும்; கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டதும் ஏறத்தாழ இந்த அளவில்தான். படம் தலைகீழாகத் தெரியும். வானத்துக்கு அதனால் குறைவில்லை. சூரியனை மட்டும் இதன் வழியாக ஒருபோதும் பார்க்கலாகாது. தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவில் வெள்ளிக் கடற்கரையில் குழாயைக் கையில் பிடித்தால் ஆடும். ஏணிப் படியிலோ மிதிவண்டியின் இருக்கையிலோ கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள். முதலில் நிலவின் பள்ளங்கள். பிறகு கார்த்திகைக் கூட்டம். வெள்ளி பூமியை நெருங்கிவரும் வாரங்களில் மேற்கே பார்த்தால் அது விண்மீன்போலன்றி, மெல்லிய பிறையாகத் தெரியும்.