தமிழகத்தில் தொலைநோக்கிகள்: சென்னை வானாய்வகம் முதல் வீட்டு மொட்டைமாடி வரை

தொலைநோக்கி என்பது தொலைவிலுள்ள பொருள்களிலிருந்து வரும் ஒளியைத் திரட்டிக் குவித்துக் காட்டும் கருவியாகும். தமிழகத்தில் இக்கருவிக்கு இரு நூற்றாண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு. புதிதாகத் தொலைநோக்கி வாங்க நினைப்பவருக்குத் தேவையான பாடங்கள் பெரும்பாலும் அந்த வரலாற்றிலேயே கிடைக்கின்றன.

மூன்று அங்குலத்தில் தொடக்கம்

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான வில்லியம் பெட்ரி, 1786ஆம் ஆண்டு எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் அமைத்தார். வானியல் அவருக்குத் தொழில் அன்று, ஆர்வம் மட்டுமே. அவரிடம் இருந்தவை மூன்று அங்குல விட்டமுள்ள இரண்டு தொலைநோக்கிகள், இரண்டு வானியல் கடிகாரங்கள், ஒரு கடவைக் கருவி ஆகியவையே. இக்கருவிகளே பின்னர் கம்பெனியின் வானாய்வகத்திற்கு முதலாக அமைந்தன. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அதற்குக் கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்கிய 15 அடி உயரக் கருங்கல் தூண், தமிழ் உட்பட பல மொழிக் கல்வெட்டுகளுடன் இன்றும் அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது.

மூன்று அங்குலம் என்பது ஏறத்தாழ 75 மில்லிமீட்டர். இன்று பள்ளி மாணவர்கள் வாங்கும் தொடக்கநிலைத் தொலைநோக்கியின் அளவும் இதுவே. இருளில் விரிந்த கண்மணியின் விட்டம் சுமார் 7 மில்லிமீட்டர். ஒளி திரட்டும் ஆற்றல் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே இச்சிறு கருவி, வெறுங்கண்ணைப் போல் நூறு மடங்குக்கும் மேலாக ஒளியைத் திரட்டும். சந்திரனின் குழிகள், வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்கள், சனியின் வளையம் ஆகியவற்றைக் காண இது போதும்.

சிந்தாமணி இரகுநாதாச்சாரி

பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி இளவயதிலேயே சென்னை வானாய்வகப் பணியில் சேர்ந்தார். 1861இல் இயக்குநராக வந்த நார்மன் போக்சனுக்கு முதல் உதவியாளராக உயர்ந்தார். 1867இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்னும் விண்மீனின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டறிந்தார். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874இல் நிகழ்ந்த வெள்ளி இடைநகர்வைப் பொதுமக்களுக்கு விளக்கத் தமிழிலும் பிற மொழிகளிலும் சிறுநூல் வெளியிட்டார்.

அவர் கண்ட விண்மீன் வானின் தென்கோடியில் உள்ளது. சென்னையில் அது தெற்கு அடிவானத்திலிருந்து சுமார் 14 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. அவ்வளவு தாழ்வான விண்மீனின் மாற்றத்தைக் கண்டுகொள்ளப் பழகிய கண்ணும் ஒழுங்கான குறிப்பேடும் வேண்டும்.

விட்டமும் இடமும்

1860களில் எட்டு அங்குல ஒளிவிலகல் தொலைநோக்கி சென்னைக்கு வந்தது. மூன்று அங்குலக் கருவியைவிட ஏழு மடங்கு ஒளியைத் திரட்டக்கூடியது அது. ஆனால் விட்டம் மட்டும் போதாது; வானமும் தெளிவாக இருக்க வேண்டும். 1899இல் வானியல் பணிகள் கொடைக்கானல் மலைக்கு மாறின. அங்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியன் நாள்தோறும் படமெடுக்கப்பட்டு வருகிறது.

இரவு வானுக்கு ஏற்ற இடம் தேடிய வைணு பாப்பு, வாணியம்பாடிக்கு அருகே ஜவ்வாது மலையிலுள்ள கவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் கொடைக்கானலில் செய்யப்பட்ட 38 செ.மீ. தொலைநோக்கியுடன் அங்கு பணி தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்கள் வெளிப்பட்டன. அந்நிகழ்வை நோக்கிய இடங்களுள் கவலூரும் ஒன்று. 1986 சனவரி 6 அன்று திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இப்போது வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வாங்கும் முன் அறிய வேண்டியவை

விளம்பரங்கள் பெரும்பாலும் உருப்பெருக்கத்தையே பெரிதாகக் காட்டும். பயன்தரும் உருப்பெருக்கம், விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கிய அளவுக்குள் அடங்கிவிடும். 75 மி.மீ. கருவிக்கு இது 150 மடங்கு. அதே கருவி ‘500 மடங்கு’ காட்டும் என்றால், காண்பது மங்கிய உருவமே. குவியத்தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும்: 1200 மி.மீ. தொலைநோக்கியில் 25 மி.மீ. வில்லை 48 மடங்கு காட்டும்.

பார்ப்பதற்கு மட்டும் எனில், எளிய தாங்கியில் அமைந்த 150 மி.மீ. எதிரொளிப்புத் தொலைநோக்கி நல்ல தேர்வு. நடுங்கும் முக்காலி எந்த நல்ல வில்லையையும் வீணாக்கிவிடும். படமெடுக்க வேண்டுமெனில் தாங்கியே முதன்மையானது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால் விண்மீன்கள் கோடாக இழுபடும். இதை ஈடுசெய்யும் தாங்கியின் அச்சைத் துருவ விண்மீனை நோக்கிச் சாய்க்க வேண்டும். சென்னைப் பகுதியில் அச்சாய்வு 13 பாகை மட்டுமே. வடக்கே கட்டடம் இருந்தால் துருவ விண்மீன் தெரியாது. சந்திரனைப் படமெடுக்க, கண்ணருகு வில்லையில் பொருத்திய கைப்பேசியே போதும்.

சூரியனைத் தொலைநோக்கியால் பார்க்க, அதற்கென உள்ள வடிகட்டியைக் கருவியின் முன்புறம் பொருத்தியாக வேண்டும். வடிகட்டி இல்லாமல் ஒரு கணம் பார்த்தாலும் பார்வை பறிபோகும். கடலோர ஈரத்தில் வில்லைகளில் பூஞ்சை படியும் என்பதால், சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடி வைப்பது நல்லது.

புறநகர் வானம்

ஆவடியை அடுத்த வெள்ளானூர் போன்ற ஊர்களிலும் அம்பத்தூர், பூந்தமல்லி பகுதிகளிலும் வீடுகளும் தெருவிளக்குகளும் பெருகப் பெருக, பால்வழியும் மங்கலான நெபுலாக்களும் கண்ணிலிருந்து மறைகின்றன. இதைப் பெரிய தொலைநோக்கியாலும் முழுமையாக ஈடுசெய்ய முடியாது. ஆயினும் சந்திரன், கோள்கள், இரட்டை விண்மீன்கள், மாறொளிர் விண்மீன்கள் ஆகியவை புறநகர் மொட்டைமாடியிலிருந்தும் தெரியும். 1911இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்குநர் சங்கம், உலகெங்குமுள்ள ஆர்வலர்களின் கணிப்புகளை இன்றும் பெற்றுத் தொகுக்கிறது. இரகுநாதாச்சாரி செய்த வகைப் பணியைச் சிறிய தொலைநோக்கியுடன் இன்றைய மாணவரும் தொடரலாம்.