சயனைடு மேடும் சிலிக்காவின் தோலும்

கே.ஜி.எஃப். என்றாலே எல்லோரும் தங்கத்தைத்தான் கேட்கிறார்கள் (இப்போது சினிமாவையும்). ஆண்டர்சன்பேட்டைக்காரனுக்கு முதலில் ஞாபகம் வருவது சயனைடு மேடுதான். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கல்லை மாவாக அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிய மிச்சம் சுமார் 3.3 கோடி டன். காற்றடித்தால் வீடெல்லாம் தூசி. அம்மா சோற்றுப்பானையை ஈரத்துணி போட்டு மூடுவார்.

அந்தக் கல்லில் நிறைய இருப்பது சிலிக்கா. காமர்ஸ் படித்து பேங்கில் கணக்குப் பார்ப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள், எங்கள் வீட்டு விஷயம் இது.

சிலிக்காத் தூளை ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் கலப்பார்கள், பலம் கூடும். ஆனால் சும்மா போட்டால் ஒட்டாது. துகளின் மேல்தோலில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளுக்குத் தண்ணீரோடுதான் உறவு, பிளாஸ்டிக்கோடு இல்லை. அதனால் சிலேன் என்ற ரசாயனத்தைப் பூசுகிறார்கள். அதன் ஒரு முனை கல்லைப் பிடிக்கும், மறுமுனை பிளாஸ்டிக்கைப் பிடிக்கும். 1990களில் மிஷெலின் கொண்டுவந்த 'பசுமை டயர்' இந்த வித்தையில்தான் ஓடியது. மின்சார இன்சுலேட்டருக்கான எப்பாக்சியிலும் சிலேன் பூசிய குவார்ட்ஸ் மாவு உண்டு.

நுரையீரலும் அதே தோலைத்தான் பார்க்கிறது. டிரில் உடைத்த கல்லின் புதுத்தோல் பழைய தூளைவிடக் கொடியது. தூசியை விழுங்க வரும் செல்களே செத்துப்போய், நுரையீரலில் தழும்பு விழுகிறது. அதுதான் சிலிகோசிஸ். 1940களில் கோலார் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அது இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கமிருந்து பிழைக்க வந்த நம் ஜனங்கள்.

நான் இப்போது இருக்கும் ஒண்டாரியோவிலும் தங்கச் சுரங்கங்கள் உண்டு. இங்கே விசித்திரமான ஒரு யோசனை செய்தார்கள். தூளுக்குப் பூச வேண்டியதை மனிதனுக்குள்ளேயே பூசிவிடலாம் என்று! 1943 முதல் 1979 வரை, ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன் உடை மாற்றும் அறையைப் பூட்டி, 'மெக்கின்டயர் பவுடர்' என்ற அலுமினியத் தூளை ஊதினார்கள். அலுமினியம் சிலிக்காவைப் போர்த்தும், நுரையீரல் தப்பும் என்பது கணக்கு. கணக்கு தப்பு. பிற்பாடு அந்தத் தூளுக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் தொடர்பு தெரிந்து, 2022இல் மாகாண அரசு மன்னிப்புக் கேட்டது. இதைப் படித்த அன்று எனக்கு அப்பாவின் இருமல்தான் காதில் கேட்டது.

நிஜமான வைத்தியம் சாதாரணமானது: துளையிடும்போது தண்ணீர் விடுவது, நல்ல காற்றோட்டம், தூசியை எழவே விடாமலிருப்பது.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, அந்த மேடுகளிலிருந்து மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குச் சம்மதித்தது. நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் மேட்டைக் கிளறினால் தூள் எழும்பும். தண்ணீர் தெளிப்பது யார், வருஷா வருஷம் நெஞ்சுப் படம் எடுப்பது யார் செலவு என்பதை ஊர்க்காரர்கள் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.