வெள்ளலூர்க் காசும் விண்வெளிப் பேரரசும்

நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' மூன்று தொகுதிகளையும் போன மாதம் ஐந்தாம் முறையாகப் படித்து முடித்தேன். 'பொன்னியின் செல்வன்' எத்தனை முறை என்ற கணக்கு எப்போதோ விட்டுப்போனது. "முடிவு தெரிஞ்ச கதையை எதுக்குங்க சார் திரும்பத் திரும்பப் படிக்கிறீங்க?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. வரலாற்று ஆசிரியனாக இருந்தவனிடம் கேட்கவேண்டிய கேள்வியும்கூட. வரலாறு என்பதே முடிவு தெரிந்த கதைதானே!

முதலில் பெயர்க்கதை. விண்கலங்கள், கிரகங்கள், பேரரசுகள், தலைமுறை தலைமுறையாக நீளும் போர்கள் என்று விரியும் கதைகளுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்பேஸ் ஆபெரா' என்று பெயர். 1941-ல் வில்சன் டக்கர் என்பவர் இந்தப் பெயரை வைத்தார். பாராட்டி வைக்கவில்லை, கேலியாகத்தான் வைத்தார். அமெரிக்க வானொலியில் சோப்புக் கம்பெனிகள் விளம்பரம் கொடுத்து நடத்திய அழுகைத் தொடர்களை 'சோப் ஆபெரா' என்பார்கள். அதைப் போல இது வானத்தில் நடக்கும் ஜவ்வுக் கதை என்பது அவர் கிண்டல். கேலிப்பெயரே பிறகு நிலைத்துவிட்டது.

அதே 1941-ல்தான் ஃபவுண்டேஷன் கதையும் கருவானது. ஆகஸ்ட் 1-ம் தேதி, 21 வயது அசிமோவ், பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெல்லைப் பார்க்க நியூயார்க் சுரங்க ரயிலில் போய்க்கொண்டிருந்தார். கையில் கதை எதுவும் இல்லை. ஒரு நாடகப் புத்தகத்தைப் புரட்டினார், போர்வீரர் படம் ஒன்று கண்ணில் பட்டது. வீரர்களிலிருந்து பேரரசுக்கு நினைவு ஓடியது. எட்வர்ட் கிப்பன் 1776 முதல் 1788 வரை எழுதி வெளியிட்ட ரோமப் பேரரசின் வீழ்ச்சி வரலாற்றை ஏற்கெனவே இரண்டு முறை படித்தவர் அவர். ரோமாபுரியின் வீழ்ச்சியை வான்வெளியில் வைத்து எழுதினால் என்ன? முதல் கதை 1942 மே மாத 'அஸ்டவுண்டிங்' இதழில் வந்தது. 1950 தொடக்கம் வரை அதே இதழில் தொடர்ந்தது. 1951, 1952, 1953 ஆண்டுகளில் மூன்று புத்தகங்களாயிற்று.

இந்த ஆண்டுகளைக் கொஞ்சம் கவனியுங்கள். 'கல்கி' இதழில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தது 1950 முதல் 1954 வரை. ஏறத்தாழ மூன்றரை ஆண்டு, ஐந்து பாகம். உலகின் இரண்டு மூலைகளில் ஒரே காலத்தில் இரண்டு பேரரசுக் கதைகள். அங்கே கிப்பன், இங்கே நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவப் பண்டாரத்தாரும் எழுதிய சோழர் வரலாறுகள். இரண்டுமே இதழில் வந்த தொடர்கள். இரண்டுமே சுமார் எழுபது ஆண்டு காத்திருந்து திரைக்கு வந்தன: ஃபவுண்டேஷன் 2021-ல், பொன்னியின் செல்வன் 2022-லும் 2023-லும். ஒருவர் எழுத்து மற்றவருக்குப் போயிருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் மாற்றி மாற்றிப் படிக்கும்போது இரண்டும் பங்காளிகள் போலத்தான் தெரிகின்றன.

முக்கியமான ஒற்றுமை, இரண்டிலும் முடிவு முன்பே தெரியும் என்பது. ஃபவுண்டேஷனில் ஹாரி செல்டன் என்ற கணித மேதை தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்: பேரரசு விழப்போகிறது, விழுந்தால் 30,000 ஆண்டு இருட்டு, என் திட்டப்படி நடந்தால் அதை 1,000 ஆண்டாகக் குறைக்கலாம். கல்கி கதையில் செல்டன் தேவையில்லை, நம் பள்ளிப் பாடப் புத்தகமே போதும். அருள்மொழிவர்மன் 985-ல் ராஜராஜனாக அரியணை ஏறுவான் என்று தெரிந்துகொண்டுதான் முதல் அத்தியாயத்தில் வீரநாராயண ஏரிக்கரைக்குப் போகிறோம். அதனால் "என்ன ஆகும்?" என்ற கேள்வி இங்கே பெரிதில்லை. "எப்படி ஆகும்?" என்பதுதான் கேள்வி. முதல் கேள்விக்கு ஒருமுறை படித்தால் போதும். இரண்டாவது கேள்வி ஒவ்வொரு வயதிலும் வேறு பதில் கேட்கும்.

கோவை உக்கடம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய முதல் தொகுதியைக் கல்லூரி நாட்களில் படித்தபோது, எனக்குப் பிடித்தவர் சால்வர் ஹார்டின். படை இல்லை, கனிம வளம் இல்லை, விண்வெளியின் ஓரத்தில் ஒரு வறண்ட கிரகம். சுற்றி நான்கு முரட்டு ராஜ்யங்கள். ஒருவரை ஒருவர்மேல் ஏவி, வாய்ச் சாமர்த்தியத்தாலேயே ஊரைக் காப்பாற்றுகிறார். அந்த வயதில் வந்தியத்தேவனைப் பிடித்ததும் அதற்காகத்தான். நாடிழந்த வாணர் குலத்துப் பிள்ளை, கையில் ஒரு ஓலை, மீதியெல்லாம் வாய்தான்.

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்ததை ஒட்டி இரண்டாம் முறை படித்தேன். அசிமோவ் பிறந்தது ரஷ்யாவில். மூன்று வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். அந்த முறை என்னை நிறுத்தியது கதாநாயகர்கள் அல்லர், பேரரசின் இயந்திரக்காரர்கள். அணுமின் நிலையத்தைப் பராமரிக்கும் வேலை அவர்களுக்குப் பரம்பரையாக வந்தது. இயந்திரம் ஓடும்வரை பெருமையாக நிற்பார்கள். ஒரு பாகம் உடைந்தால் சரிசெய்யத் தெரியாது. பேரரசு எங்கே விழத் தொடங்குகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது. எதிரி வருவதற்கு முன்பே அறிவு கைமாறாமல் நின்றுபோகிறது. வகுப்பில் ரோமாபுரி நடத்தும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்வேன். "எங்க தறி ஃபிட்டர் வராட்டி எங்க குடோனும் அப்படித்தாங்க சார்" என்று ஒரு பையன் சொன்னான். சரியாகப் புரிந்துகொண்டான்.

மூன்றாம் முறை படித்தபோது வணிகர் பகுதியில் நின்றேன். ஹோபர் மாலோ என்ற வியாபாரி ஒரு போரையே சுடாமல் ஜெயிக்கிறார். எதிரி நாட்டு வீடுகளிலும் தொழிற்சாலைகளிலும் ஃபவுண்டேஷன் பொருட்கள் நிறைந்திருக்கின்றன. வரத்து நின்றதும் அவை ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன. அங்குள்ள முதலாளிகளும் வீட்டுக்காரர்களுமே போரை நிறுத்தச் சொல்லி நெருக்குகிறார்கள். இதைச் சோமனூரில் உட்கார்ந்து படிப்பது வேறு அனுபவம். நூல் விலை எங்கோ ஏறும், இங்கே தறி நிற்கும். கூலி உயர்வு கேட்டு 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் நின்றபோது, சைசிங் மில் முதல் டீக்கடை வரை ஊரே எதைச் சார்ந்திருந்தது என்று எல்லோருக்கும் தெரிந்தது. துப்பாக்கியைவிடச் சரக்குக்கு அதிகாரம் அதிகம் என்பதை அசிமோவ் 1940-களிலேயே எழுதிவிட்டார்.

நான்காம் முறை 2020 ஊரடங்கில். மார்ச் கடைசியில் தறிச் சத்தம் முழுதாக நின்றது. ராத்திரியில் அந்த அமைதி தூக்கத்தைக் கெடுத்தது. அப்போது இரண்டாம் தொகுதியில் 'மியூல்' வருகிற இடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். செல்டனின் கணக்கு கோடிக்கணக்கான மக்கள் கூட்டத்துக்குத்தான் பொருந்தும். தனி மனிதனுக்குப் பொருந்தாது. மியூல் ஒரு தனி ஆள், பிறவியிலேயே மரபணு மாறியவன், மற்றவர் மனத்தை வளைக்கக்கூடியவன். 300 ஆண்டு சரியாக ஓடிய திட்டம் அவன் ஒருவனால் சிதறுகிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒன்று உலகக் கணக்கையெல்லாம் புரட்டிப்போட்ட அந்த மாதங்களில், அந்தப் பகுதி எனக்குக் கதையாகவே தெரியவில்லை. ஒடிசாவுக்கும் பீகாருக்கும் போக ரயிலுக்குக் காத்திருந்த தொழிலாளர்களை எந்தத் திட்டமும் முன்கூட்டி எண்ணியிருக்கவில்லை.

இந்த ஐந்தாம் முறைக்கு வருகிறேன். இப்போது நான் தேடியது புத்தகத்தில் இல்லாதவர்களை.

சோமனூருக்குத் தெற்கே சாமளாபுரம் குளத்தை நிரப்பும் நொய்யல் ஆற்றைப் பாருங்கள். மேற்கே, ஆற்றோட்டத்துக்கு மேல்பக்கம் வெள்ளலூர். அங்கே மண்ணுக்குள்ளிருந்து ரோமாபுரி மன்னர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் முகம் பொறித்த வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. கிழக்கே, கீழ்ப்பக்கம் சென்னிமலை அருகே கொடுமணல். பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் இதுதான் என்பார்கள். 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் மணி செய்த பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. நூல் நூற்கும் தக்களி வட்டுகளும் உண்டு. இரண்டுக்கும் நடுவே நாம் இருக்கிறோம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கரூர் நோக்கிப் போன வணிகப் பெருவழி இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் போயிற்று.

ஆண்டுக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் பிளினி புலம்பி எழுதினார். அந்தப் பணத்தில் ஒரு துளி வெள்ளலூரில் புதைந்து கிடந்தது. கிப்பன் எழுதியதும், கிப்பனைப் படித்து அசிமோவ் எழுதியதும் இதே ரோமாபுரியைத்தான். நொய்யல் கரையில் மணி கோத்தவரும் நூல் நூற்றவரும் அந்த இரண்டு புத்தகத்திலும் இல்லை. பேரரசின் காசு இங்கே வந்தது. பேரரசின் கதையில் இவர்கள் போகவில்லை.

பொன்னியின் செல்வனிலும் கதை கொங்கு நாட்டுப் பக்கம் வருவதில்லை. கோவைக்கு மேற்கே ராஜகேசரிப் பெருவழி என்று பெயர் சொல்லும் சோழர் காலக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது; ஆனால் அந்த வழியில் பொதி ஏற்றிப் போனவன் எந்த அத்தியாயத்திலும் இல்லை. கல்கியிடம் படகோட்டும் பூங்குழலி உண்டு, பூத்தொடுக்கும் சேந்தன் அமுதன் உண்டு. அந்த வகையில் அசிமோவைவிடக் கல்கி கொஞ்சம் தாராளம். அசிமோவின் கோடானுகோடி மக்கள் செல்டனின் கணக்கில் வெறும் எண்ணிக்கை. மக்கள் கூட்டம்தான் வரலாற்றை நகர்த்துகிறது என்று சொல்லும் புத்தகத்தில், அந்தக் கூட்டத்திலிருந்து யாரும் வந்து நம்மோடு பேசுவதில்லை!

இதனால் புத்தகம் சிறுத்துவிடவில்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1950 ஜனவரியில் குடியரசான நாட்டில், அந்த ஆண்டே கல்கி தொடங்கிய கதை ஓர் இளவரசன் மகுடத்தை வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பதில் முடிகிறது. சிறை சென்ற விடுதலைப் போராட்டக்காரர் எழுதிய பேரரசுக் கதையின் உச்சம் வெற்றி இல்லை, தியாகம். அந்தப் பாகத்தின் பெயரே 'தியாகச் சிகரம்'. தொடர் முடிந்த அதே 1954-ல், டிசம்பர் 5-ம் தேதி கல்கி காலமானார். ஆட்சியை எப்படி விடுவது என்று அவர் கேட்டார். ஆட்சி போனபின் அறிவை எப்படிக் காப்பது என்று அசிமோவ் கேட்டார். இரண்டும் இன்றைக்கும் வேண்டிய கேள்விகள்தான்.

தமிழில் விண்வெளிப் பேரரசுக் கதை ஏன் பெரிதாக வளரவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. என் கணிப்பு இது: நமக்கு அந்தப் பசியைச் சோழர்கள் தீர்த்துவிட்டார்கள். 'குமுதம்' இதழில் சாண்டில்யன் எழுதிய 'கடல் புறா'வைப் பாருங்கள். கப்பல், தளபதி, கொள்ளைக்காரன், தூர தேசத்து அரியணை, ஸ்ரீவிஜயம் வரை பயணம். கப்பலைக் கலமாக்கி, கடலை வானமாக்கினால் அதுவே ஸ்பேஸ் ஆபெரா. பின்னர் 1980-களில் சுஜாதா 'ஆனந்த விகட'னில் 'என் இனிய இயந்திரா' எழுதியபோது வானத்துக்குப் போகவில்லை. வருங்கால இந்தியாவில் ஒரு சர்வாதிகாரியையும், புத்தகம் படித்துப் படித்தே சொந்தமாக யோசிக்கப் பழகும் ஜீனோ என்ற இயந்திர நாயையும் வைத்தார். பேரரசைக் கவிழ்க்கப் படிப்பு உதவும் என்பதில் சுஜாதாவும் அசிமோவும் ஒரே கட்சி.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு யோசனை. அசிமோவ் பின்னாளில், 1982-க்குப் பிறகு, தொடர்ச்சிகளும் முன்கதைகளும் எழுதினார். கதைக்காலப்படி முன்கதையிலிருந்து தொடங்காதீர்கள். எழுதிய வரிசையில், 1951 புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். கல்கியிலும் இதே சிக்கல் உண்டு. 'பார்த்திபன் கனவு' முதலில் எழுதியது. ஆனால் கதைப்படி 'சிவகாமியின் சபதம்' முந்தியது. எழுதிய வரிசையில் படித்தால்தான் எழுத்தாளன் வளர்வது தெரியும்.

என் மாணவருக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. சென்ற சில ஆண்டுகளில் எங்கள் ஊரில் பழைய நாடாத் தறிகள் பல, எடைக்குப் பழைய இரும்பாகப் போயின. அவற்றில் பாவு பிணைத்தவர்கள், சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடித்தவர்கள் இன்னும் நம் தெருவில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. ஃபவுண்டேஷன் கதை தொடங்குவது ஒரு கலைக்களஞ்சியம் தொகுக்கும் வேலையில்தான். அதை மனத்தில் வைத்து, ஒரு நூறு பக்க நோட்டு வாங்கியிருக்கிறேன். தறிச் சொற்களையும் தறி வேலையையும் அவர்கள் வாயால் கேட்டு எழுதப்போகிறேன். உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ தறி ஓட்டியிருந்தால் சொல்லுங்கள், நானே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு வசதி.