ஏரி கொண்டுவந்த மாவு

புதன்கிழமை சாயங்காலம் ஆர்ச்சர்ட் பார்க் கடைக்குள் நுழைந்தபோது ரொட்டி அடுக்கும் தட்டுகள் துடைத்துவிட்ட மாதிரி இருந்தன. பால், முட்டை, மெழுகுவத்தி எதுவும் மிச்சமில்லை. மாவு வரிசையின் அடித்தட்டில் மட்டும் ஒரு காகிதப் பை கிடந்தது. மூலையில் சின்னக் கிழிசல். அதன் வழியாகக் கொட்டிய வெள்ளைப் பொடி தட்டில் கோடு போட்டிருந்தது. ஐந்து பவுண்டு, நம் கணக்கில் இரண்டே கால் கிலோ. ரொட்டி சுடுவதற்கென்றே அரைத்த கோதுமை மாவு. கிழிசலை விரலால் பொத்திக்கொண்டே வாங்கிவந்தேன். அது 2022 நவம்பர் 16. மறுநாள் இரவிலிருந்து எங்கள் தெருவில் நான்கு நாள் ஒரு வண்டியும் நகரவில்லை. அந்த நாள்களில் எங்கள் வயிற்றைப் பார்த்துக்கொண்டது அந்தப் பைதான்.

ஆர்ச்சர்ட் பார்க், நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், பஃபலோ நகரத்துக்குத் தெற்கே இருக்கும் சிற்றூர். என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்த தோழி பஃபலோவிலேயே பிறந்து வளர்ந்தவள். பையை மேசைமேல் வைத்ததும், "இது கப்பலில் வந்த சாமான், தெரியுமா?" என்றாள். காரில்தான் கொண்டுவந்தேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

அந்தப் பயணம் வடக்கு டகோட்டாவில் தொடங்குகிறது. அமெரிக்காவில் வசந்தக் கோதுமை அதிகம் விளையும் மாநிலம் அது. அங்கே குளிர்காலம் கொடியது. முன்பனிக்கு முன்னால் விதைத்தால் பயிர் உறைந்து செத்துப்போகும் அபாயம் உண்டு. அதனால் பனி கரைந்து நிலம் இளகும் ஏப்ரல், மே மாதங்களில் விதைத்து, ஆகஸ்டில் அறுக்கத் தொடங்குகிறார்கள். மணி சிவந்திருக்கும், பல்லில் வைத்தால் கல்லைக் கடிப்பது போலிருக்கும். புரதம் 13, 14 சதவீதம். தண்ணீர் பட்டுப் பிசைந்ததும் அந்தப் புரதம்தான் ஒன்றோடொன்று பின்னி, ரப்பர் போல இழுபடும் பசையாகிறது. பரோட்டா மாஸ்டர் வீசி விசிறும்போது மாவு கிழியாமல் நிற்பதும் இதே பசையின் தயவால்தான்.

அறுத்த கோதுமை ரயிலேறி சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனைக்குப் போகிறது. அங்கே டுலூத், சுப்பீரியர் என்று எதிரெதிரே இரண்டு துறைமுக ஊர்கள். 200 மீட்டருக்கும் மேல் நீளமான கப்பல்களின் வயிற்றில் கோதுமை அருவியாகக் கொட்டுகிறது. கப்பல் கிளம்பி, அந்தப் பெரிய ஏரியைக் கடந்து, சூ லாக்ஸ் என்று அழைக்கப்படும் மதகுக்குள் நுழைகிறது. சுப்பீரியர் ஏரிக்கும் ஹியூரான் ஏரிக்கும் நீர்மட்டத்தில் சுமார் 21 அடி வித்தியாசம். முன்னும் பின்னும் கதவடைத்துத் தண்ணீரை வடியவிட, கப்பல் லிஃப்டில் இறங்குவது போல இறங்கிப் போகிறது. பிறகு ஹியூரான், அதன் பின் செயின்ட் கிளேர் ஆறு, டெட்ராய்ட் ஆறு, கடைசியில் ஈரி ஏரி. வழிநெடுக 1,500 கிலோமீட்டருக்கும் மேல் தண்ணீர். ஜனவரி நடுவில் மதகை மூடினால் மார்ச் 25 வாக்கில்தான் திறப்பார்கள். மூடுவதற்குள் பஃபலோவின் குதிர்கள் நிரம்பியாக வேண்டும்.

குதிர் என்று நான் சொல்வதை அந்த ஊர்க்காரர்கள் எலிவேட்டர் என்கிறார்கள். பஃபலோ ஆற்றின் வளைவுகளில் இருபுறமும் நிற்கும் கான்கிரீட் கோபுரங்கள் அவை. ஜன்னல் கிடையாது, உருண்டை உருண்டையாகத் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். பார்த்த முதல் நாள் கோட்டை மதில் என்றே நினைத்தேன். 1825இல் ஈரி கால்வாய் திறந்ததிலிருந்து மேற்கத்திய தானியமெல்லாம் இங்கே வந்து இறங்கி, படகு மாறிக் கிழக்கே போயிற்று. அப்போது மூட்டை மூட்டையாக முதுகில் சுமந்துதான் இறக்கினார்கள். 1842இல் ஜோசப் டார்ட் என்ற வியாபாரி, ராபர்ட் டன்பார் என்ற பொறியாளரோடு சேர்ந்து, நீராவியில் ஓடும் ஒரு பட்டையில் வாளிகளைக் கோத்துக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்கினார். கிணற்றுத் தண்ணீரைச் சேந்துவது போல வாளிகள் தானியத்தைச் சேந்தி உச்சியில் கொட்டின. முதல் எலிவேட்டர் அதுதான். பின்னால் உலகத்தின் மிகப் பெரிய தானியத் துறைமுகங்களில் ஒன்றாக இந்த ஊர் வளர்ந்ததற்கு அந்த வாளிகளும் ஒரு காரணம்.

வாளிக்கு எட்டாத மூலைகளில் கிடப்பதை மனிதர்கள்தான் தள்ளிக் கொடுத்தார்கள். ஸ்கூப்பர் என்று அவர்களுக்குப் பெயர். பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்து தெற்கு பஃபலோவில் குடியேறிய குடும்பங்கள். அப்பனுக்குப் பின் பிள்ளை என்று அந்த வேலையை விடாமல் பார்த்தார்கள். தோழியின் தாத்தா அவர்களில் ஒருவர். கதவளவு அகலமான மரத்துடுப்பைக் கயிறும் கப்பியும் இழுக்க, பின்னால் பிடித்துக்கொண்டு கோதுமையில் முழங்கால்வரை புதைந்து நடப்பாராம். வேலை முடிந்து வந்தால் கால்சட்டை மடிப்பை முற்றத்தில் உதறச் சொல்வாராம் பாட்டி. வசந்தத்தில் அந்த இடத்தில் கோதுமை முளைக்குமாம். இதைச் சொல்லும்போது அவள் கை தானாகவே பையின் கிழிசலைத் தடவிக்கொண்டிருந்தது.

1959இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்ததும் கப்பல்கள் பஃபலோவைத் தொடாமலே கடலுக்குப் போக முடிந்தது. கோபுரங்கள் பல காலியாயின. ஆனால் ஜெனரல் மில்ஸ் ஆலை இன்றும் ஓடுகிறது. சீரியோஸ் என்ற காலை உணவைத் தயாரிக்கும் நாள்களில் நகரத்தின் மையம் முழுக்க வறுத்த ஓட்ஸ் வாசனை அடிக்கிறது. இழுவைப் படகுகள் முன்னும் பின்னும் பிடித்துக்கொள்ள, அத்தனை பெரிய கப்பல் அந்தக் குறுகிய ஆற்றில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து வருவதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். தேர் தெருமுனை திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

ஆலைக்குள் நடப்பதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கோதுமையை அப்படியே அரைப்பதில்லை. முதலில் அளவாகத் தண்ணீர் தெளித்துச் சில மணி நேரம் ஆறவிடுகிறார்கள். ஈரம் பட்டதும் மேல்தோல் தோல்வார் போல வலுவாகிவிடும், உள்ளிருக்கும் வெள்ளை இளகும். அதன் பிறகு இரும்பு உருளைகளுக்கிடையே விட்டால் தவிடு பொடியாகாமல் தகடு தகடாகக் கழன்றுவிடும். நூறு கிலோ கோதுமையில் வெள்ளை மாவு ஏறக்குறைய 75 கிலோ. எத்தனையோ வயல்களின் கோதுமை அங்கே ஒன்றாகிவிடுகிறது.

வியாழக்கிழமை இரவு பனி தொடங்கியது. அதைக் கொண்டுவந்ததும் அதே ஈரி ஏரிதான்.

நவம்பரில் ஏரி இன்னும் உறைந்திருக்காது. கோடையின் சூடு தண்ணீரில் மிச்சமிருக்கும். வடக்கிலிருந்து இறங்கும் கடுங்குளிர் காற்று அதன்மேல் ஓடும்போது சூட்டையும் ஈரத்தையும் உறிஞ்சி மேலெழும்பி மேகமாகிறது. ஈரி ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிட்டத்தட்ட 390 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அதன் கடைசி நுனியில் இருக்கிறது பஃபலோ. காற்று அந்த நீளவாக்கில் அடித்துவிட்டால், வழியெல்லாம் சேர்த்த ஈரம் முழுவதையும் கரையேறியதும் கொட்டிவிடும். கப்பலும் காற்றும் ஒரே பாதையில் வந்து ஒரே ஊரில்தான் சுமை இறக்குகின்றன. இதை நான் அன்றைக்கு ஜன்னலருகே நின்றபோதுதான் உணர்ந்தேன். வெளியே மின்னல் வெட்டியது. பனி பெய்யும்போது இடி இடிக்கும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. நம்மூர் ஐப்பசி இடி மாதிரி உருளாமல், போர்வைக்குள்ளிருந்து யாரோ மத்தளம் தட்டுவது போல அடங்கிக் கேட்டது.

இந்தப் பனியின் விநோதம் அதன் விளிம்பு. பட்டையாக விழும், பட்டைக்குள் இருப்பவன் புதைவான், வெளியே இருப்பவன் வேடிக்கை பார்ப்பான். வெள்ளிக்கிழமை காலை ஆம்ஹர்ஸ்ட்டிலிருந்து என் கல்லூரித் தோழி கூப்பிட்டாள். எங்களுக்கு வடக்கே, காரில் அரைமணி நேரத் தொலைவு.

"இங்கே பனி பேருக்குத்தான்டி இருக்கு. நீ என்னடி பண்றே?"

"கதவைத் திறந்தா சுவர் நிக்குது. மாவு பிசையறேன்."

"சப்பாத்தியா?"

"பீட்சா."

"பனியில மாட்டிக்கிட்டவ செய்யற வேலையா அது?" என்றாள். அதற்குத்தான் பொருத்தமான நாள் என்றேன். பீட்சா மாவுக்கு வேண்டியது நேரம். எங்களிடம் அது மட்டும்தான் குறைவில்லாமல் இருந்தது.

அரைக் கிலோ மாவு, 325 மில்லி தண்ணீர், பத்து கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட். முதலில் கையெல்லாம் ஒட்டிக்கொண்டு சொன்னபடி கேட்காது. பத்து நிமிடம் மூடிவைத்துவிட்டுத் திரும்ப வந்தால், யாரும் தொடாமலே திருந்தியிருக்கும். ஓரத்தைப் பிடித்து இழுத்து நடுவில் மடக்க வேண்டும், பாத்திரத்தைத் திருப்பி இன்னொரு ஓரம். நான்கைந்து சுற்றில் காதுமடல் போல மெத்தென்று ஆகிவிடும். ஒரு துண்டை விரல்களில் விரித்து விளக்கின் எதிரே பிடித்தேன். கிழியாமல், அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. எண்ணெய் தடவி மூடி ஃபிரிட்ஜில் வைத்தோம். குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும், புளிப்பு மெல்ல ஏறும்.

நடுநடுவே இரண்டு மணிக்கொரு தரம் ஒரு வேலை இருந்தது. வீட்டைச் சூடாக்கும் அடுப்பின் புகைக்குழாய் பக்கச் சுவரில் இடுப்புயரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பனி அதை மூடிவிட்டால் நச்சு வாயு வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் மாறி மாறிப் போய் அந்தக் குழாயின் வாயைத் தோண்டிவிட்டு வந்தோம். தோழி பனி வாரும் துடுப்பைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்து, "உங்க தாத்தா மாதிரியே" என்றேன். அவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவளுக்கு முகம் மலர்ந்தது.

சனிக்கிழமை மாலை சுட்டோம். இந்தப் பக்கத்துப் பீட்சாவுக்குத் தனி முகம் உண்டு. சிசிலியிலிருந்து வந்தவர்கள் நிறைந்த ஊர் இது. அடிப்பாகம் தடியாக, மேலே சாஸ் கொஞ்சம் தித்திப்பாக, சீஸ் விளிம்புவரை படர்ந்திருக்கும். அதன்மேல் பெப்பரோனி என்ற தொத்திறைச்சி வட்டங்கள். சாதாரண பெப்பரோனி தட்டையாகவே கிடக்கும். இங்கே பயன்படுத்துவது உறையோடு நறுக்கியது. சூட்டில் ஓரம் சுருங்கி மேலெழும்பிச் சின்னக் கிண்ணமாகிவிடும். விளிம்பு கருகி மொறுமொறுக்கும், குழியில் கொழுப்பு தேங்கும். அடுப்பை உச்ச சூட்டில் வைத்து, எண்ணெய் ஊற்றிய தகரத் தட்டில் மாவை விரல்நுனியால் அழுத்தி அழுத்திப் பரப்பினோம். கால் மணி நேரம். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்துவிட்டோம். ஓரத்து மாவு முதலில் மூச்சு வாங்குவது போல உப்பியது, பிறகு சீஸ் கொப்புளித்தது, கடைசியில் கிண்ணங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன.

பாதியை அலுமினியத் தாளில் சுற்றிப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப்போனோம். இருபதடி தூரத்துக்குச் சுரங்கம் வெட்டுவது போல வழி வெட்டியிருந்தார்கள், அவர்கள் பாதி, நாங்கள் பாதி. அந்த வாரம் ஆர்ச்சர்ட் பார்க்கில் விழுந்த பனி மொத்தம் 80 அங்குலம். அந்த நாட்டில் வீட்டுக் கதவின் வழக்கமான உயரமும் 80 அங்குலம்தான். எங்கள் ஊர் மைதானத்தில் ஞாயிறன்று நடக்கவேண்டிய பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டத்தை டெட்ராய்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். விமானத்தைப் பிடிக்க வேண்டிய ஆட்டக்காரர்களின் வாசலை அக்கம்பக்கத்தார் தோண்டிக் கொடுத்தார்கள்.

ஆம்ஹர்ஸ்ட் தோழிக்குப் படம் அனுப்பினேன். கூடவே, ஒரு பை மாவு வாங்கி வைத்துக்கொள் என்று எழுதினேன்.

அடுத்த மாதமே தேவைப்பட்டது. டிசம்பர் 23 அன்று வந்தது வேறு வகைப் புயல். நவம்பரில் வானம் கொட்டியது, அவ்வளவுதான். டிசம்பரில் காற்று சூறாவளி வேகத்தில் அடித்து, நீட்டிய கை தெரியாமல் செய்தது. இம்முறை அதன் நடுவில் இருந்தது பஃபலோ நகரமும் அதன் வடக்கும். கிழக்கே விமான நிலையத்தில் 51.9 அங்குலம் பதிவானது. தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் தெருவிலேயே சிக்கின. காரில் உட்கார்ந்தபடியும், சூடில்லாத வீட்டிலும், நடந்து போகும் வழியிலும் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதே நாளில் ஆம்ஹர்ஸ்ட் பக்கத்து வில்லியம்ஸ்வில்லில் சுற்றுலா வண்டி சிக்கிக்கொண்ட கொரியப் பயணிகள், பனி வாரத் துடுப்பு கேட்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அந்த வீட்டுத் தம்பதி அவர்களை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். அலமாரியில் கிம்சியும் கொரிய மசாலாக்களும் இருந்தன. கிறிஸ்துமஸ் வரை அந்த வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து சமைத்தார்கள்.

ஆம்ஹர்ஸ்ட் தோழியின் வீட்டில் மின்சாரம் போய்விட்டது. கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைக்க முடிந்தது, ஓவனை முடியவில்லை. போனில் 17 சதவீதம் சார்ஜ்.

"சுருக்கமா சொல்லுடி. மாவு பிசைஞ்சு வெச்சிருக்கேன். எதுல சுடறது?"

"தோசைக்கல் இருக்கா?"

"இல்லாம?"

கல்லை நன்றாகக் காயவைத்து, மாவை மெல்லிசாகத் தட்டிப் போட்டு, கொப்புளம் வந்ததும் திருப்பச் சொன்னேன். வெந்த பக்கத்தில் சாஸ், சீஸ். மேலே ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, தணலைக் குறைத்து மூன்று நிமிடம். பக்கத்து அறைப் பெண்கள் இரண்டு பேர் கோட்டு போட்டபடி அடுப்பைச் சுற்றி நிற்கும் பேச்சு கேட்டது. கவிழ்த்த பாத்திரம் கல்லில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு இணைப்பு போய்விட்டது.

இரண்டு நாள் அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. நானும் வீட்டுத் தோழியும் மாறி மாறிப் போனைப் பார்த்தபடி இருந்தோம். திங்கட்கிழமை காலை ஒரு படம் வந்தது. தோசைக்கல்மேல் கருப்புக் கொப்புளங்களோடு ஒரு வட்டம், கோணல்மாணலாக வெட்டிய மூன்று துண்டுகள், பின்னால் சுருட்டி வைத்த மாவுப் பை. கீழே இவ்வளவுதான் எழுதியிருந்தாள்: "கரண்ட் வந்துடுச்சு. மாவு தீர்ந்துபோச்சு. ரோடு திறந்ததும் ரெண்டு பையா வாங்கிட்டு வா."